ஏழாம் கூண்டு

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் கூண்டு.
மேசை இழுப்பறையில்
சில்லறைக்கும் பசை டப்பாவுக்கும் நடுவே
ஒரு நாவல் இருக்கிறது.
பகலில் என்னுடையது,
இரவில் நாகவேணியுடையது.

அடையாளத்துக்கு அவள் கார் சீட்டு வைப்பாள்,
நான் லாரிச் சீட்டு.
முன்னால் போனவர்
பின்னால் வருபவருக்குக் கதை சொல்லக் கூடாது என்று
ஒப்பந்தம்.
மீறுவது அவள்தான்.
ஓரத்தில் பென்சிலால் ‘ஐயோ’ என்று எழுதியிருப்பாள்.
நான் அங்கே போய்ச் சேர
இன்னும் நானூறு வண்டி கிடக்கும்.

இப்போதெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய பட்டையை
எந்திரமே படித்துக்கொள்கிறது.
பட்டை தேய்ந்தவர்கள்
கணக்கில் காசு தீர்ந்தவர்கள்
‘நான் யார் தெரியுமா’க்காரர்கள்
இவர்கள் மட்டும் என்னிடம் நிற்பார்கள்.
மற்ற நேரம் நான் வாசகி.
ஒரு பத்தி, ஒரு டேங்கர்.
அடுத்த பத்தி,
நாகாலாந்து எண்ணோடு நாமக்கல்காரர்.
கதையில் ஒருத்தி கடிதத்தைப் பிரிக்கப் போகும்போது
மாங்கூழ் டிரம் ஏற்றிய லாரி வந்து
அரை மணி நேரம் தகராறு.
அவள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு
அப்படியே நின்றாள்.
அந்த அரை மணி நேரத்தை
எழுதியவர் எழுதவில்லை.
அது என்னுடையது.

வெள்ளிக்கிழமை சினிமா.
இருவருக்கும் ஒரே டிக்கெட்.
மாலைக்காட்சியில் முன்பாதி பார்த்துவிட்டு
எட்டு மணி ஷிப்டுக்கு ஓடி வருவாள்.
சாவியோடு கிழிந்த டிக்கெட்டும் கை மாறும்.
நான் போய்ச் சேரும்போது
இடைவேளை முடிந்து விளக்கு அணைந்திருக்கும்.
“சீட்டு இன்னும் சூடா இருக்கும், போம்மா”
என்பார் கதவருகே மாதப்பன்.
எனக்குத் தெரிந்த எல்லாப் படத்திலும்
எல்லோரும் ஏற்கெனவே கோபமாக இருக்கிறார்கள்.
எதற்கு என்று
நானே ஒன்று வைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஏழாம் தடத்தில் சிமென்ட் போட்டார்கள்.
முதல் முறையாக
இருவருக்கும் ஒரே நாளில் லீவு.
ஓசூர் பஸ் ஏறினோம்.
எங்கள் சாவடியை நாங்களே கடந்தோம்.
கூண்டு
தீப்பெட்டி அளவுதான் இருந்தது.
அதற்குள்ளா இத்தனை ஊர், என்றாள்.

அத்திப்பள்ளிக் கடைக்காரன்
பாட்டிலை எடுக்காமல் கேட்டான், யாருக்கு?
‘நமகே’ என்றாள் நாகவேணி,
சில்லறை சரியாக எண்ணி வைத்தபடி.
ஜூஜூவாடியில் யாரும் பையைத் திறக்கவில்லை.
திறந்திருந்தால்
மேலே நாவல்தான் இருந்தது.

அவள் வீட்டு மொட்டைமாடி,
எதிரே சையத் பாஷா மலை,
பகலெல்லாம் குடித்த வெயிலைப்
பாறை திருப்பிக் கக்கும் நேரம்.
சில்வர் டம்ளரில் ஊற்றினோம்.
முதல் வாய்: “இனிப்பே இல்ல, ஏமாத்திட்டான்.”
இரண்டாவதில் நாக்கு சுருங்கியது.
மூன்றாவதில், இருடி, இது தெரிந்த ருசிதான்,
நாவப்பழம்!
நாக்கை நீட்டிக் காட்டினாள்.
ஊதா.
“நாவல் படிச்சா இப்படித்தான் ஆகும்” என்றேன்.
அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றுமில்லை,
சிரித்தோம்.

பிறகு படங்களைப் பொருத்திப் பார்த்தோம்.
அவளிடம் முன்பாதி, என்னிடம் பின்பாதி.
அந்தத் தாடிக்காரனுக்கு ஏன் கோபம் என்று
நான் வைத்திருந்ததைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மென்றுவிட்டு
“உண்மையான காரணம் வேற.
ஆனா உன்னுது இருக்கட்டும்” என்றாள்.
மிக்சர் பொட்டலத்தில்
வேர்க்கடலை முழுவதும் அவளே தின்றிருந்தாள்.

ஒன்பதரைக்குத் தூங்கிப்போனாள்,
கை டம்ளர் மேலேயே.
பாட்டிலில் இரண்டு விரல் மிச்சம்.
ஓசூர் சாலையில் விளக்குகள்
பிசகாமல் போய்க்கொண்டிருந்தன,
ஒன்றுக்கும் நான் சீட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

செல்போன் வெளிச்சத்தில்
அவளுடைய கார் சீட்டைத் தாண்டி
ஆறு பக்கம் போனேன்.
ஏழாவதில்
பென்சிலைத் தேடி எடுத்து
ஓரத்தில் எழுதினேன்:
‘அடிப்பாவி.’